தை, மாசியில் வண்டியிலேயே தங்கி மஞ்சள் வெட்டு வேலை, சும்மா இருக்கிற நாளில் ஊர் சுற்றல்: நாலு பேருக்கு ஒத்து வருமா?

கேட்டவர்: சாளை_நாடோடி

வணக்கமுங்க. நாங்க நாலு பேர், எல்லாரும் சிநேகிதங்க. தை பிறந்ததுல இருந்து மாசி முடியற வரைக்கும் ஈரோடு மாவட்டத்துல கோபி, அந்தியூர், பவானி பக்கம் தோட்டங்கள்ல மஞ்சள் வேலை செஞ்சுட்டு, வண்டியிலேயே தங்கிக்கலாம்னு யோசனை. ரூம் எடுத்து வாடகை கட்டினா கூலி அதுக்கே போயிரும். வேலை இல்லாத நாள்ல சுத்துப்பட்டு ஊரெல்லாம் பாத்துட்டு வரோணும். ஊட்டி, கொடைக்கானல் வேண்டாம், உள்ளூரே போதும்.

கையில இருக்கறது அஞ்சு சீட்டு மாருதி ஈகோ வேன், வெள்ளை போர்டு (சொந்த உபயோக வண்டி). டிராவல்ஸ்காரங்க விக்கிற பழைய டிராவலர் வேன் ஒண்ணு வாங்கி உள்ள படுக்கை, அடுப்பு எல்லாம் வெச்சு கேரவனா மாத்தலாமான்னும் ஒரு பேச்சு ஓடுது. எது தேறும்? பேட்டரி, சோலார் எவ்வளவு வேணும்? புது ஆளுங்களுக்கு மஞ்சள்ல என்ன வேலை குடுப்பாங்க? ராத்திரி எங்க நிறுத்தறது? விவரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க.

---

பதில்: சூலூர்_வயரிங்

ரெண்டு மாசத்துக்காக டிராவலர் வாங்காதீங்க. விலை ஒரு பக்கம் இருக்கட்டும், பேப்பர் வேலையே ரெண்டு மாசத்தைத் தின்றுவிடும். டிராவல்ஸ் வண்டி மஞ்சள் போர்டில், அதாவது வாடகை வண்டியாக ஓடியது. அதைச் சொந்த உபயோகத்துக்கு மாற்ற பர்மிட்டை ஒப்படைக்கணும், வரிப் பாக்கி இல்லை என்று காட்டணும், கடன் இருந்தால் நிதி நிறுவனத்தின் தடையில்லாச் சான்று வாங்கணும். அப்புறம் இருக்கைகளைக் கழற்றிப் படுக்கை போட்டால் அது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் வருகிற மாற்றம். ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) பதியணும். தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்தை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்ன பிறகு சோதனையில் இதைக் கவனிக்கிறார்கள். கேரவன் என்றே பதிய வேண்டுமானால் கேரவனுக்கான வாகனத் தரமான ஏ.ஐ.எஸ். 124-க்குச் சான்று வைத்திருக்கிற பாடி பில்டரிடம்தான் போகணும். பட்டறையில் வெல்டு வைத்துக் கொடுத்துவிட்டு "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க" என்பவரை நம்பினால், விபத்து நடக்கிற அன்றைக்கு இன்சூரன்ஸ்காரர் கையை விரிப்பார்.

லைசென்ஸ் பற்றி யாராவது பயமுறுத்தினால்: எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸ் இருந்தால் மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டியை ஓட்டலாம், மஞ்சள் போர்டாக இருந்தாலும் சரி. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே தெளிவாக்கிவிட்டது. ஆகவே பிரச்சினை லைசென்ஸில் இல்லை, ஆர்.சி.யில்தான்.

ஈகோவிலேயே செய்யுங்க. சீட்டைக் கழற்றாதீங்க, துளை போடாதீங்க. பின்பக்க உள்நீளத்தை டேப் வைத்து அளந்து, 12 மி.மீ. மெரைன் பிளைவுட்டில் ரெண்டு பலகை, நடுவில் கீல், அடியில் 60 செ.மீ.க்கு ஒரு மடக்குக் கால். பகலில் மடித்து ஓரமாகச் சாய்த்து பெல்ட் போட்டுக் கட்டிவிடணும். கட்டாமல் விட்டால் திடீர் பிரேக்கில் அந்தப் பலகைதான் முதலில் கழுத்துக்கு வரும். இதில் ரெண்டு பேர் படுக்கலாம், மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. மற்ற ரெண்டு பேருக்கு வெளியே கயிற்றுக்கட்டில், கொசுவலை, மேலே தார்ப்பாய். தை மாசப் பனியில் தார்ப்பாய் இல்லாமல் படுத்தால் வெடியால போர்வையைப் பிழியலாம்.

கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டுத் தூங்க வேண்டாம். ரெண்டு பேர் மூச்சு ஒரே ராத்திரியில் கண்ணாடி முழுக்கத் தண்ணீராக நிற்கும், மெத்தையின் அடிப்பக்கம் பூஞ்சை பிடிக்கும். ஜன்னலுக்குக் கொசுவலைத் துணியை காந்தப் பட்டையில் ஒட்டி, ரெண்டு பக்கமும் நாலு விரல் அளவு இறக்கி வையுங்க.

மின்சாரக் கணக்கு: 12 வோல்ட் ஃபேன் 15 வாட்டில் ரெண்டு, எட்டு மணி நேரம் ஓடினால் 240 வாட்‑மணி. நாலு 5 வாட் விளக்கு நாலு மணி நேரம், 80. நாலு போன் 60. லேப்டாப் இருந்தால் 120. ஆக நாளுக்கு 500. 12 வோல்ட் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் 100 ஆம்பியர்‑மணி பேட்டரி ஒன்றில் 1,280 வாட்‑மணி இருக்கும், ரெண்டு நாள் தாங்கும். பழைய ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் குறைந்துவிடும் என்பதால் அதே வேலைக்கு ரெண்டு வேணும். எடையும் 50 கிலோவுக்கு மேல் போகும். 200 வாட் சோலார் தகடு தை, மாசி வெயிலில் 800 வாட்‑மணி வரை கொடுக்கும். அதைக் கூரையில் பதிக்கத் தேவையில்லை. மடக்குத் தகடாக வாங்கி களத்து ஓரம் விரித்தால் போதும், வண்டியை நிழலில் நிறுத்திக்கொள்ளலாம். கூரையில் பதித்தவர்கள் சோலாருக்காக வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டு, அந்தச் சூட்டை விரட்ட ராத்திரி முழுக்க ஃபேன் ஓட்டுவார்கள்.

எஞ்சினில் இருந்து சார்ஜ் ஏற்றுவதானால் நடுவில் 20 ஆம்பியர் டி.சி.‑டி.சி. சார்ஜர் (பேட்டரிக்குப் போகிற கரண்டை அளவாகக் கட்டுப்படுத்துகிற பெட்டி) கட்டாயம். லித்தியம் பேட்டரியை நேராக இணைத்தால் அது கிடைக்கிற கரண்டையெல்லாம் உறிஞ்சும், ஈகோவின் சின்ன ஆல்டர்னேட்டர் சூடேறிப் போய்விடும். முன்னிருந்து பின்னுக்கு 5 மீட்டர் என்றால் 10 சதுர மி.மீ. செம்புக் கம்பி போடுங்க. வோல்டேஜ் இழப்பு 0.4‑க்குள் நிற்கும். 4 சதுர மி.மீ. போட்டால் ஒரு வோல்ட் போய்விடும், "சார்ஜே ஏறலை" என்று பேட்டரியைக் குற்றம் சொல்வீங்க. 30 ஆம்பியர் ஃபியூஸ் கம்பியின் ரெண்டு முனையிலும், பேட்டரியில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள். இண்டக்‌ஷன் அடுப்பை மறந்துடுங்க. 1,500 வாட் என்றால் 12 வோல்ட்டில் 125 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்.

---

பதில்: மஞ்சக்காட்டான்

வாங்க தம்பிகளா. ஆள் தட்டுப்பாடு இருக்கறதால வேலை கிடைக்கும். ஆனா எந்த வேலைன்னு தெரிஞ்சுட்டு வாங்க.

இங்க வைகாசி, ஆனியில நட்ட மஞ்சள் ஒன்பது பத்து மாசத்துல தழை காஞ்சு சாயும். மொதல்ல தழை அறுப்பு. அப்புறம் நிலம் ரொம்ப இறுகிக் கெடந்தா ஒரு தண்ணி லேசா விட்டு, ரெண்டு மூணு நாள் ஆறப்போட்டு வெட்டறது. வெட்டறது புது ஆளுக்கு ஆகாதுங்க. கடப்பாறை ஒரு சாண் தள்ளிப் போட்டா கொத்து முழுசா வரும். கிட்டத்துல போட்டா விரலி, அதான் விரல் மாதிரி கிளைக்கற மஞ்சள், ஒடைஞ்சுரும். ஒடைஞ்ச மஞ்சளுக்கு மார்க்கெட்டுல வெலை இல்லை. அதனாலதான் வெட்டறதை ஏக்கர் ஒப்பந்தத்துக்குக் குழுவா வர்றவங்க கிட்ட விட்டர்றாங்க. டிராக்டர்ல கெளறி எடுக்கறதும் நெறைய ஆயிருச்சு.

உங்களுக்குக் குடுக்கறது மண் உதிர்க்கறது, வேர் கழிக்கறது, கிழங்கு தனி விரலி தனின்னு ஒடிச்சுப் பிரிக்கறது, கூடையில அள்ளி மஞ்சளை வேக வெக்கற பாய்லர்கிட்ட கொண்டுபோறது, வெந்ததைக் களத்துல கொட்டிப் பரத்தறது. இதுல பிரிக்கறதுதான் உக்காந்து செய்யற வேலை. நம்மூர்ப் பொம்பளையாளுக கை வேகத்துக்கு நீங்க பாதிகூட வரமாட்டீங்க, ஒரு வாரத்துக்கு எடை போட்டுக் கூலி பேசாதீங்க, ஆள் கூலிக்கு நில்லுங்க. கை பழகினப்புறம் மாத்திக்கலாம்.

இதுல முக்கியமான சங்கதி பாய்லர். ஊருக்கு ஒண்ணு ரெண்டு பாய்லர் வண்டிதான் சுத்தும். வெட்டின மஞ்சளை ரெண்டு மூணு நாளைக்குள்ள வேக வெச்சுப்போடோணும். போட்டு வெச்சா பூஞ்சை புடிக்கும், நெறம் மங்கும். அதனால பாய்லர் தேதி கெடைக்காம யாரும் வெட்ட ஆரம்பிக்க மாட்டாங்க. பாய்லர் பக்கத்து ஊர்ல மாட்டிக்கிச்சுன்னா உங்களுக்கு மூணு நாள் வேலையே இருக்காது. வந்துருச்சுன்னா ஞாயித்துக்கிழமை கெடையாது, பொழுதோட முடியறதும் கெடையாது. ஊர் சுத்தறதுக்கு ஞாயிறுன்னு கணக்குப் போடாதீங்க. பாய்லர்காரரோட போன் நம்பர் வாங்கி வெச்சுட்டு, அவர் வராத நாள்ல சுத்துங்க.

வேக்காடு பாக்கறது: நொரை கட்டி, வெள்ளைப் பொகையோட மஞ்சள் வாசம் வரும். ஒரு குச்சியை எடுத்துக் குத்துனா தடையில்லாம எறங்கோணும். வேகாததும் கெடுதல், குழைஞ்சதும் கெடுதல். வேகலைன்னா காயறப்ப சுருங்கி நெறம் வராது, குழைஞ்சா ஒடையும். களத்துல ரெண்டு அங்குலக் கனத்துக்குப் பரத்தி, பத்துப் பதினஞ்சு நாள் காயப்போடோணும். பனி எறங்கறதுக்கு முன்னால கூட்டிக் குமிச்சு படுதா போடறது தினசரி சோலி; வண்டியில தங்கற ஆளுகளுக்கு இது தோதான வேலை, ராக்காவலும் சேர்த்துப் பேசிக்கலாம். காஞ்ச வெரலை ஒடிச்சா 'டக்'குன்னு உலோகம் மாதிரி சத்தம் வரோணும். ஏக்கருக்குப் பத்துப் பன்னெண்டு டன் பச்சை மஞ்சள் வந்தா, காஞ்சு நிக்கறது ரெண்டு, ரெண்டேகால் டன்தான். பாலிஷ் டிரம்முல சுத்தறப்ப இன்னும் நூத்துக்கு அஞ்சு முதல் எட்டு வரைக்கும் தூசியாப் போகும். அந்தத் தூசிக்கு மூக்கைக் கட்டிட்டு நில்லுங்க, சும்மா கைக்குட்டை பத்தாது.

வேலைத் துணியோட வண்டிக்குள்ள ஏறாதீங்க. மெத்தையில பட்ட மஞ்சள் போகாது. ரெண்டு செட்டு பழைய துணி, வெளியில ஒரு கொடி, அவ்வளவுதான்.

---

சாளை_நாடோடி

அண்ணா, இவ்வளவு வெவரம் எதிர்பார்க்கலைங்க. பாய்லர் விசயம் யாருமே சொல்லலை. ரெண்டு சந்தேகம். தோட்டத்துல மோட்டார் ரூம்ல இருந்து வயர் இழுத்துக்கலாமா? கரண்டு இலவசம்தானே. அப்புறம் சமையலுக்கு சிலிண்டர் வண்டிக்குள்ள வைக்கலாமுங்களா? சுத்திப் பாக்கற எடமும் யாராச்சும் சொல்லுங்க.

---

பதில்: சூலூர்_வயரிங்

மோட்டார் ரூமில் கை வைக்காதீங்க. விவசாய இணைப்பு இலவசம் என்பது பாசனத்துக்குத்தான். அதில் வீட்டு உபயோகத்துக்கு எடுத்தால் மின்வாரியம் அபராதம் போடுவது தோட்டக்காரருக்கு. உங்களால் அவருக்கு வம்பு. போதாததற்கு மும்முனைக் கரண்டு உங்களுக்கு வேண்டிய நேரத்தில் இருக்கும் என்று நம்ப முடியாது. சாளைக்கு (தோட்டத்து வீட்டுக்கு) தனி வீட்டு இணைப்பு இருக்கும், அதில் கேட்டு எடுத்து, யூனிட்டுக்குக் காசு கொடுத்துவிடுங்க. 2.5 சதுர மி.மீ. மூன்று கம்பி கேபிள், முனையில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்டு கசிந்தால் உடனே துண்டிக்கிற சுவிட்ச்) போட்ட பெட்டி. களத்தில் ஈரம், வாய்க்காலில் தண்ணீர், அதற்கு நடுவே தரையில் கிடக்கிற வயர்: ஆர்.சி.சி.பி. இல்லாமல் செய்யவே கூடாது.

சிலிண்டர் 5 கிலோ சின்னது போதும், பெட்ரோல் பங்கிலேயே கிடைக்கிறது. நாலு பேருக்கு ரெண்டு வேளைச் சமையல் என்றால் பத்து, பன்னிரண்டு நாள் வரும். சமையல் எப்போதும் வண்டிக்கு வெளியே. கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும், மூக்குக்கு எட்டுவதற்கு முன்னால் படுத்திருப்பவரைச் சூழ்ந்துவிடும். ராத்திரி சிலிண்டரை இறக்கி வெளியே, கட்டிலில் இருந்தும் தள்ளி வையுங்க. ரெகுலேட்டர் மாட்டுகிற ஒவ்வொரு முறையும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா பாருங்க.

தண்ணீருக்கு 20 லிட்டர் கேன் ரெண்டு. குடிக்க, சமைக்க ஆளுக்கு 5 லிட்டர் கணக்கு. குளியல், துவையல் எல்லாம் மோட்டார் ஓடுகிற நேரத்தில் தொட்டியில்.

---

பதில்: நொய்யல்கரை

கூலி பற்றி ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். நாலு பேருக்கும் சேர்த்து ஒரே தொகையாகப் பேசாதீங்க. நாலு பேரில் ஒருவர் முதுகு பிடித்து உட்கார்ந்தால் மற்ற மூவர் கூலியில் அவர் சாப்பாடு ஓடும், பத்தாவது நாள் சண்டை வரும். கூலியை அவரவர் வாங்கிக்கொள்ளுங்க; டீசல், பெட்ரோல், கேஸ், அரிசி, பருப்புக்கு மட்டும் பொதுப் பணம், வாரம் ஒருமுறை சமமாகப் போடணும். வண்டி யாருடையதோ அவருக்குத் தேய்மானம் என்று கிலோமீட்டருக்கு ஒரு தொகை தனியாக. வெள்ளை போர்டு வண்டியில் வேறு ஆட்களைக் காசுக்கு ஏற்றிக்கொண்டு போகாதீங்க, களத்துக்குக் கூட வேலை செய்கிறவர்களாக இருந்தாலும்.

"தங்க இடம் கொடுத்தேன், கூலியில் கழித்துக்கொள்கிறேன்" என்று கடைசி நாளில் பேச்சு வராமல் இருக்க, முதல் நாளே தங்குவது எப்படி, மதியச் சாப்பாடு யார், கூலி தினமா வாரமா என்று கேட்டுப்போடுங்க.

---

பதில்: காளிங்கராயன்_வாய்க்கால்

சுத்திப் பார்க்க கோபியை நடுவில் வைத்துக்கொண்டால் போதும், பெரும்பாலானவை ஒரு நாளில் போய்த் திரும்புகிற தூரம்.

கொடிவேரி அணை: வார நாளில் காலையில் போங்க, ஞாயிறு மத்தியானம் போனால் தண்ணீரைவிட ஆள் அதிகம். ஆற்றில் நீர்வரத்து கூடினால் குளிக்க விடமாட்டார்கள், கிளம்பும் முன் விசாரித்துவிடுங்க. வெளியே மீன் வறுவல் கடைகள் உண்டு. அங்கிருந்து அப்படியே பவானிசாகர். 1955‑ல் முடிந்த மண் அணை, நீர் தேங்கும் உயரம் 105 அடி. அடியில் பூங்கா இருக்கிறது.

பண்ணாரி அம்மன் கோயில் வரை தாராளமாகப் போகலாம். அதற்கு மேல் திம்பம் மலைப்பாதை 27 கொண்டை ஊசி வளைவு, புலிகள் காப்பகத்துக்குள் ஓடுகிறது, இரவுப் போக்குவரத்துத் தடை உண்டு. "காட்டோரம் நிறுத்தித் தூங்கலாம்" என்ற ஆசையை இங்கே விட்டுவிடுங்க. சத்தியமங்கலம் காப்பகத்துக்குள் எங்கேயும் இரவு வண்டி நிறுத்த முடியாது, யானை நடமாடும் இடம். பொழுது சாய்வதற்குள் பண்ணாரிக்குக் கீழே இறங்கிவிடணும்.

பவானி கூடுதுறை, சங்கமேசுவரர் கோயில். ஊருக்குள் ஜமுக்காளத் தறி. காளிங்கராயன் வாய்க்கால் தொடங்குவதும் இங்கேதான். அமாவாசையில் போனால் திதி கொடுக்க வருகிற கூட்டத்தில் வண்டி நிறுத்த இடமே கிடைக்காது, அந்த நாளைத் தவிர்த்துவிடுங்க.

பெருந்துறைப் பக்கம் ஒரு முழு நாள் ஒதுக்குங்க. காலையில் பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மஞ்சள் ஏலம். ரெண்டு வாரம் விரலி பிரித்த பிறகு போய்ப் பார்த்தால்தான் வியாபாரி எதை ஒடித்துப் பார்க்கிறார், எதை ஒதுக்குகிறார் என்று புரியும்; முதல் வாரமே போனால் வெறும் மூட்டைதான் தெரியும். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019‑ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பிறகு விஜயமங்கலம் சமணக் கோயில், அங்கிருந்து வெள்ளோடு பறவைகள் சரணாலயம். 2022‑ல் ராம்சர் (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்கள்) பட்டியலில் சேர்ந்த ஏரி, வலசைப் பறவைகளுக்கு தை, மாசிதான் சரியான காலம். சாயங்காலம் வெயில் தாழ்ந்து போகணும்.

சென்னிமலைக்குப் படியேறிப் போங்க, 1,320 படி. கீழே கைத்தறிப் போர்வை வாங்கலாம், கயிற்றுக்கட்டிலில் படுக்கிறவர்களுக்கு உடனடி உபயோகம். கொடுமணல் அகழாய்வு இடம் கிட்டத்தில்தான். ஆனால் சங்ககாலத் தொழில் நகரம் என்று பெரிய எதிர்பார்ப்போடு போகாதீங்க. தோண்டிய குழிகளை மூடிவிடுவார்கள், படித்துவிட்டுப் போகிறவர்களுக்கு மட்டும் அந்தக் காடு எதையாவது சொல்லும். அறச்சலூர் நாகமலையில் இசைக் கல்வெட்டு இருக்கிறது; தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்தில் தாள எழுத்துகளை வெட்டியிருக்கிறார்கள். உள்ளூர் ஆள் துணையில்லாமல் கண்டுபிடிப்பது கஷ்டம்.

கவுந்தப்பாடி போனால் நாட்டுச்சர்க்கரை. பழனி பஞ்சாமிர்தத்துக்கு இங்கிருந்துதான் சர்க்கரை எடுக்கிறார்கள். சுற்றுவட்டாரத்தில் கரும்பு ஆலைக்கொட்டாய் ஓடிக்கொண்டிருக்கும், பாகு கொதிக்கிற நேரத்தில் தள்ளி நின்று பாருங்க.

ராத்திரி நிறுத்த: வேலை நடக்கிற தோட்டத்துக் களம்தான் முதல். பயணத்தில் என்றால் அவிநாசி, சேலம் நெடுஞ்சாலையில் லாரிகள் நிற்கிற பெரிய பெட்ரோல் பங்குகள். கழிப்பறை, குடிநீர், டயருக்குக் காற்று இலவசமாகத் தரவேண்டியது பங்கின் கடமை. ஆனால் ராத்திரி தங்குவதற்கு மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, டேங்க் நிரப்பிவிட்டு நில்லுங்க. கீழ்பவானி வாய்க்கால் கரையில் மட்டும் நிறுத்த வேண்டாம். தை முதல் சித்திரை வரை முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள், நேற்றுக் காய்ந்து கிடந்த வாய்க்கால் இன்று ஆள் மட்டத்துக்கு ஓடும். கான்கிரீட் போட்ட சரிவில் கால் வழுக்கினால் பிடித்து ஏற ஒன்றும் இருக்காது. குளிக்க இறங்குவதானால் படித்துறை இருக்கிற இடத்தில்.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம் தாராபுரம், பழனிப் பக்கம் ராத்திரி வண்டி ஓட்டாதீங்க. சாலை ஓரம் முழுக்கப் பாதயாத்திரைக்காரர்கள்.

---

சாளை_நாடோடி

டிராவலர் யோசனையை விட்டாச்சுங்க. ஈகோவுலயே வர்றோம். மாசி முடிஞ்சு பங்குனியிலயும் தொடரலாமுங்களா?

---

பதில்: மஞ்சக்காட்டான்

பங்குனியில காய வெக்கறது, பாலிஷ், மூட்டை புடிக்கறதுன்னு கொஞ்ச வேலை இருக்கும். ஆனா நாலு பேருக்கு இருக்காது, ரெண்டு பேருக்குத்தான். வண்டிக்குள்ள ராத்திரி பத்து மணிக்கும் அனலடிக்கும். தொடர்ந்து வேலை வேணும்னா பல்லடம், குண்டடம், தாராபுரம் பக்கம் சின்ன வெங்காயம் விசாரிங்க. அறுபத்தஞ்சு, எழுபது நாள் பயிர், ஒரே தேதியில எல்லாக் காட்டுலயும் வராது, பிடுங்கறதும் தாள் அரியறதும் புது ஆளுக்குக் கைகூடற வேலை. அந்தப் பக்கம் போர்த் தண்ணி பல எடத்துல உப்பு, குடிதண்ணிக் கேனை இங்கயே ரொப்பிட்டுப் போங்க.

வர்றதுக்கு முன்னால, மார்கழிக் கடைசியிலயே ஒருக்கா வந்து தோட்டக்காரரைப் பாத்துப் பேசிட்டுப் போங்க. பொங்கல் நோம்பிக்கு முன்னால பேசினவங்களுக்குத்தான் மொதல் பாய்லர்ல வேலை.